ஓரறிவுயிரும் அண்மைப்படமும்: பாறசாலை – நெய்யாற்றின்கரை எல்லைப்பகுதிக் காட்டுப்பூக்களை முன்வைத்து ஓர் அறநோக்கு

முன்னுரை

பூவைப் பறித்தல் தகுமா என்பது பழைய வினா. பூவைப் படமெடுத்தல் தகுமா என்பது புதிய வினா. பறிப்பவன் செடியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறான். படமெடுப்பவனோ எதையும் எடுத்துக்கொள்வதில்லை, பார்த்துவிட்டு அகல்கிறான். ஆதலின் அவன் செயலில் குற்றம் காண இடமில்லை என்பது பொதுவான எண்ணம். இயற்கை ஆர்வலர் பலரும் பறித்தலுக்கு மாற்றாகவே ஒளிப்படத்தைப் போற்றுகின்றனர். இவ்வெண்ணம் எந்த அளவிற்குப் பொருந்தும், எவ்விடத்தில் பொருந்தாது போகிறது என்பதைக் கேரளத்தின் தென்கோடியிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களையும், அவற்றுக்கு நீர் தரும் அகத்தியமலைத் தொடரையும் களமாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் எல்லையும்

1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அதனால் களியக்காவிளைக்கு இப்பால் தமிழகமும் அப்பால் பாறசாலை தொடங்கிக் கேரளமும் என்றாயிற்று. பாறசாலை, காரோடு, கொல்லயில், குன்னத்துகால், வெள்ளறடை முதலிய எல்லையூர்களில் தமிழும் மலையாளமும் கலந்து வழங்குதல் இன்றும் காணத்தக்கது. செடிகொடிகளுக்கு இவ்வெல்லை இல்லை. வேலியோரத்தில் படரும் செங்காந்தள் இருபுறமும் ஒன்றே. தமிழகத்தில் அது கண்வலிப்பூ, கார்த்திகைப்பூ எனப்படும். தமிழக அரசின் மாநில மலரும் அதுவே. மலையாளத்தில் அது மேந்தோன்னி எனப்படும். இப்பெயர் சங்க நூல்களில் வழங்கும் தோன்றி என்னும் சொல்லை நினைவூட்டுவது நோக்கத்தக்கது.

இவ்வூர்களின் நிலவியல்பும் கருதத்தக்கது. அகத்தியமலையில் தோன்றும் நெய்யாறு 56 கி.மீ. ஓடி நெய்யாற்றின்கரையைக் கடந்து பூவாற்றில் கடலோடு கலக்கிறது. ஆற்றின் தலையில் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியகூடமும் 1958இல் அமைக்கப்பட்ட நெய்யாறு வனவிலங்குச் சரணாலயமும் உள்ளன. இடையிலும் கடையிலும் செம்புரைக்கல் மேடுகளும், அவற்றுக்கிடையே ஒடுங்கிய நெல்வயல்களும், தென்னை, மரவள்ளி, ரப்பர்த் தோட்டங்களும் உள்ளன. ஆகவே ஒரே ஆற்றின் வழியில் இருவேறு வகைக் காட்டுப்பூக்கள் வாழ்கின்றன. ஒன்று, மலைமுடியில் வாழும் அரும்பூ. மற்றொன்று, வயல்வரப்பிலும் ஈரமேட்டிலும் வாழும் சிறுபூ. படமெடுத்தலின் அறம் இவ்விரண்டிற்கும் ஒன்றாகுமா என்பதே இங்கு எழும் சிக்கல்.

ஓரறிவும் உற்றறிவும்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அளவால் ஒன்று முதல் ஆறு வரை வகுக்கிறது. புல், மரம் முதலியவற்றை அது ஓரறிவுயிர் என்கிறது. அவ்வோரறிவு உற்றறிதல், அதாவது ஊறு அல்லது தொடுவுணர்வு ஆகும். இப்பகுப்பை அறவியல் நோக்கில் கண்டால் ஒரு செய்தி புலனாகிறது. ஓர் உயிருக்கு எப்புலன் உண்டோ அப்புலன் வழியாகவே அதற்கு நன்மையும் தீமையும் சென்று சேரும். செடிக்குக் கண் இல்லை. தன்னை ஒருவர் பார்க்கிறார் என்பது அதற்குத் தெரியாது. ஆனால் தன் வேரின் மேல் ஒருவர் நிற்பது அதற்குற்ற செய்தியாகும். பார்ப்பவனுக்குக் காட்சியாக இருப்பது பார்க்கப்படும் செடிக்குத் தீண்டலாக முடியலாம்.

எல்லையூர்ப் பாதையோரங்களில் காணப்படும் முக்குற்றி இதற்குக் கண்கூடான சான்று. சிறு மஞ்சள் பூவும் தென்னங்கன்று போன்ற வடிவும் உடைய அச்செடி, விரல் பட்டவுடன் இலைகளை மடக்கிக்கொள்ளும். கேரள வழக்கில் தசபுஷ்பம் எனப் போற்றப்படும் பத்துச் செடிகளுள் அதுவும் ஒன்று. ஏனைய செடிகள் இவ்வாறு உடனே காட்டுவதில்லை என்பதால் அவற்றுக்கு ஊறு இல்லை என்று கொள்ளுதல் ஆகாது.

திருவள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தின் இறுதியில் அனிச்சப்பூவையும் விருந்தினரையும் ஒப்பிட்டு, முன்னது மோந்த அளவில் வாடும் என்றும் பின்னவர் முகந்திரிந்து நோக்கிய அளவிலேயே வாடுவர் என்றும் உணர்த்துகிறார். விருந்தினரின் மென்மையைக் காட்டவே அவ்வொப்புமை அமைந்தது. எனினும் அதனுள் மற்றொரு வேறுபாடும் அடங்கியிருக்கிறது. மனிதர்க்கு நோக்கு ஊறு செய்யும். பூவுக்கு நெருக்கம் ஊறு செய்யும். அண்மைப்படம் என்பது பெயரளவில் நோக்கு, நடைமுறையில் நெருக்கம்.

அண்மைப்படத்தின் இயல்பு

ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள பூ, கருவியின் உணர்வியிலும் ஒரு சென்டிமீட்டர் அளவாகவே பதியுமாறு எடுக்கப்படுவதை இயல்பளவுப் படம் என்பர். 100 மி.மீ. குவியத் தொலைவுள்ள வில்லையால் அவ்வாறு எடுக்கையில் பூவுக்கும் உணர்விக்கும் இடையே ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவே இருக்கும். அந்நிலையில் தெளிவாகப் பதியும் ஆழம் ஓரிரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. மூச்சுக்காற்றால் பூ அசைந்தாலும் படம் கெடும். தரையோடு ஒட்டிய சிறுபூவாயின் படமெடுப்பவர் முழந்தாளிட வேண்டும். பலவேளைகளில் குப்புறப் படுக்கவும் வேண்டும். முக்காலியை ஊன்றவும், குறுக்கே நிற்கும் புல்லை விலக்கவும், சிலர் பிடுங்கவும், காம்பைக் கவ்வியால் பற்றி நிறுத்தவும், பனித்துளி போல் நீர் தெளிக்கவும் நேர்கிறது. ஒரு படத்துக்காக ஒருவர் செய்யும் இவை சிறியன. ஒரே பூவை நாடிப் பலர் வரும்போது அவை சிறியன அல்ல.

மண்ணுக்குள் நிகழ்வது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆர்க்கிட் விதைகள் தூசு போன்று நுண்ணியவை. தமக்கென உணவுச்சேமிப்பு இல்லாதவை. மண்ணிலோ மரப்பட்டையிலோ வாழும் குறிப்பிட்ட பூஞ்சையின் துணையின்றி இயற்கையில் அவை முளைப்பதில்லை. தரையில் வாழும் ஆர்க்கிட்டைச் சுற்றிய மண் மிதிபட்டு இறுகினால் பூத்து நிற்கும் செடிக்கு அன்று எதுவும் நேராமல் இருக்கலாம்; அடுத்த தலைமுறைக்குரிய இடம் கெடுகிறது. படத்தில் பூ முழுமையாக இருக்கிறது. அதனை எடுத்தவர் தாம் தீங்கு செய்யவில்லை என உண்மையாகவே நம்பவும் கூடும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது வலிமையுள்ள மறுப்பு. ஒளிப்படத்திற்கு முன்னர்ச் செடியை அறிவதென்பது செடியைப் பிடுங்குவதாகவே இருந்தது. ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் எழுநூறுக்கும் மேற்பட்ட மலையாள நாட்டுச் செடிகளைப் படத்துடன் விளக்கியது. வான் ரீடு தொகுப்பித்த அந்நூலுக்கு இட்டி அச்சுதன் என்னும் மருத்துவர் அறிவுத்துணையாக நின்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இராபர்ட் வைட்டுக்காகச் சென்னை மாகாணத்தில் ரங்கையா, கோவிந்து ஆகிய ஓவியர்கள் வரைந்த செடிகளும் பறித்துக் கொணரப்பட்டவையே. உலர்தாவரத் தொகுப்புகள் அனைத்தும் அத்தகையனவே. இவற்றோடு ஒப்பிடின் ஒளிப்படம் பேரளவில் இரக்கமுடைய கருவி என்பதில் ஐயமில்லை. ஆயினும், முன்னதை விடத் தீங்கு குறைந்தது என்பதனால் ஒரு செயல் தீங்கற்றதாகிவிடாது. பிடுங்கியவர்கள் சிலர், படமெடுப்பவர்கள் பலர் என்பதையும் மறத்தலாகாது.

அறியப்பட்டதால் அழிந்த பூ

மலைமுடியில் வாழும் பூவுக்கு அகத்தியமலையின் செருப்பு வடிவ ஆர்க்கிட் தக்க எடுத்துக்காட்டாகும். தாவரவியலார் இதனைப் பாபியோபெடிலம் ட்ரூரியை என்பர். மஞ்சள் நிறமும், இதழ்களின் நடுவே கரும்பழுப்புக் கோடும், செருப்பின் முன்புறம் போலக் குவிந்த கீழிதழும் உடையது. தென்னிந்தியாவில் இப்பேரினத்தைச் சார்ந்த காட்டுச்செடி இது ஒன்றே. கர்னல் ஹீபர் ட்ரூரி 1865இல் இதனைக் கண்டார். பெடோம் 1874இல் விளக்கி வெளியிட்டார். பின்னர் நெடுங்காலம் இது யாருடைய கண்ணிலும் படவில்லை. 1970களில் மீண்டும் கண்டறியப்பட்டது. அச்செய்தி பரவியதும் ஆர்க்கிட் வணிகத்திற்காக இது பெருமளவில் தோண்டியெடுக்கப்பட்டுக் காட்டில் அற்றுப்போகும் நிலையை அடைந்தது. திசுவளர்ப்பு முறையில் நாற்றுகளை உருவாக்கி மீண்டும் மலையில் நடும் முயற்சியைப் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரப் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் மேற்கொண்டது.

யாரும் காணாதிருந்த காலம் முழுதும் இப்பூ வாழ்ந்தது. கண்ட பின்னரே அழிவின் விளிம்பிற்கு வந்தது. இதனை அழித்தது வெறுப்பன்று, வேட்கை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் சேர்க்கப்பட்ட விதிகள் இப்பேரினச் செடிகளைக் காட்டிலிருந்து பறித்தல், பிடுங்குதல், சிதைத்தல் ஆகியவற்றைத் தடுக்கின்றன. படமெடுத்தலை அவை தடுக்கவில்லை, தடுத்தலும் பொருந்தாது. ஆனால் இன்றைய கருவிகள் படத்தோடு எடுத்த இடத்தின் குறுக்குக்கோடு, நெடுக்குக்கோடு ஆகியவற்றையும் பதிந்து வைக்கின்றன. அப்படம் வெளிப்படும்போது அது படமாக மட்டுமின்றி வழிகாட்டியாகவும் அமைந்துவிடுகிறது. ஐநேச்சுரலிஸ்ட் என்னும் உயிரினப் பதிவுத்தளம், அருகிய இனங்களின் இருப்பிடத்தை ஏறத்தாழ 22 கி.மீ. பக்கமுள்ள கட்டத்திற்குள் மறைத்துக் காட்டுவது இவ்விடர் கருதியே. சட்டம் நின்றுவிடும் இவ்விடத்தில் படமெடுப்பவரின் மனச்சான்று தொடங்க வேண்டியுள்ளது.

அறியப்படாமல் அழியும் பூ

மேற்கண்ட எடுத்துக்காட்டை மட்டும் கொண்டால் அரும்பூக்களைக் காட்டாமல் மறைப்பதே அறம் என்னும் முடிவு கிடைக்கும். ஆற்றின் போக்கில் கீழே இறங்கி எல்லைச் சிற்றூர்களுக்கு வந்தால் அம்முடிவு தலைகீழாகிறது.

கேரளத்தின் நெல்வயல்களில் வளரும் காக்கைப்பூ ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய நீலப்பூ. நெல்தாளைப் பற்றிச் சுற்றி எழும் இச்செடி, ஈரமண்ணுக்குள் இருக்கும் நுண்பைகளால் சிற்றுயிர்களைப் பிடித்து உண்ணும். முன்னர் ஓணக்காலத்தில் சிறுவர் தும்பை, முக்குற்றி, காக்கைப்பூ ஆகியவற்றைத் தேடிப் பறித்துக் களமிட்டனர். அழுகண்ணி என்னும் செடி ஈரம் கசியும் மேட்டுநிலத்தில் தரையோடு ஒட்டி வளரும். இலைமயிர்களில் பிசின்துளி தாங்கிப் பூச்சியைப் பற்றும். இத்தகைய சிறுசெடிகளை யாரும் விலைக்கு விற்பதில்லை. யாரும் தோண்டிச் செல்வதில்லை. இவை வாழும் வயல் மண்ணிட்டு நிரப்பப்படுகிறது. மேடு வெட்டிச் சமனாக்கப்படுகிறது. கேரளத்தின் நெற்பரப்பு 1970களின் நடுவில் 8 இலட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்தது. 2010களில் அது ஏறத்தாழ 2 இலட்சம் ஹெக்டேராகச் சுருங்கியது. நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008இல்தான் இயற்றப்பட்டது. நெல்லின் இழப்பு கணக்கில் ஏறியது. நெல்லோடு வாழ்ந்த நீலப்பூவின் இழப்பு எக்கணக்கிலும் ஏறவில்லை.

இன்று திருவனந்தபுரம் பகுதியின் ஓணக்களங்களுக்குத் தோவாளைச் சந்தையிலிருந்து பூக்கள் எல்லையைக் கடந்து வருகின்றன. பயிரிடும் உழவர்க்கும் கட்டுவோர்க்கும் அது பிழைப்பு. அதில் குறைகூற ஏதுமில்லை. ஆனால் வரப்பில் பூத் தேடும் வழக்கம் நின்றதால் வரப்புப் பூவின் பெயரறிந்தோர் குறைந்தனர். பறித்த சிறுவர்கள் அப்பூவை அழிக்கவில்லை. பறிக்க யாரும் வராத காலத்தில்தான் அது அருகத் தொடங்கியது. இங்கு அழிவிற்குக் காரணம் வேட்கையன்று, புறக்கணிப்பு.

ஆகவே அரிய பூக்களை அழியும் முறையால் இருவகைப்படுத்தலாம். வேட்கையால் அழிவன ஒருவகை. புறக்கணிப்பால் அழிவன மற்றொரு வகை. முன்னதற்கு மறைத்தல் காப்பு. பின்னதற்குக் காட்டுதலே காப்பு. எதனால் அழிகிறது என்று வினவாமல் எல்லாவற்றையும் மறைப்பதும் எல்லாவற்றையும் காட்டுவதும் ஒருங்கே பிழையாகின்றன.

இப்பகுப்பு நிலையானதன்று என்பதையும் சுட்டுதல் வேண்டும். அகத்தியமலையில் வாழும் காணிக்காரர் ஆரோக்கியப் பச்சை என்னும் செடியின் கனியை உண்டு களைப்பின்றி மலையேறுவதை 1987இல் ஆய்வாளர்கள் கண்டனர். அவ்வறிவைக் காணிக்காரர் வெளியார்க்குச் சொல்ல முதலில் தயங்கினர். அதன் வழியே ஜீவனி என்னும் மருந்து உருவானது. மருந்துரிமைத் தொகையிலும் பங்குத்தொகையிலும் பாதி காணிக்காரர்க்கெனப் பிரிக்கப்பட்டது. பயன்பகிர்வுக்கு அது உலக அளவில் முன்னோடியாகப் பேசப்பட்டது. ஆனால் புகழ் பரவியபின் வெளியார் அச்செடியைக் காட்டிலிருந்து களவாக எடுக்கவும் முற்பட்டனர். யாரும் பொருட்படுத்தாத செடி வேட்கைக்குரிய செடியாக மாறச் சில ஆண்டுகள் போதும். ஆதலின் காட்டலாமா என்னும் வினாவைப் படமெடுப்பவர் தாமே ஒருமுறை தீர்த்துவிட இயலாது. அந்நிலத்தில் வாழ்வோரைக் கேட்டும், காலந்தோறும் மீளக் கேட்டும் தீர்க்க வேண்டியதாகும். காணிக்காரரின் தயக்கம் அறியாமையன்று. காட்டுவதன் விளைவை உணர்ந்த அறிவு.

மங்கிய பின்புலமும் திணைநோக்கும்

புறக்கணிப்பால் அழியும் பூவைக் காட்டுதல் வேண்டும் எனின், அண்மைப்படம் அதனைச் செவ்வனே காட்டுகிறதா என்பது அடுத்த வினா. அண்மைப்படத்தில் பூ மட்டும் தெளிவாக நிற்கும். பின்னுள்ளவை அனைத்தும் நிறக்கலவையாக மங்கிப்போகும். இதனைக் கலையழகாகப் பாராட்டுவர். ஆனால் மங்கிப்போவது எது? நெல், வரப்பு, ஈரம், அருகில் கொட்டிக் கிடக்கும் மண்குவியல் ஆகியவையே மங்குகின்றன. எதனால் அப்பூ வாழ்கிறதோ அதுவும், எதனால் அழியப்போகிறதோ அதுவும் படத்தில் இல்லை. சுவரளவு பெரிதாக்கப்பட்ட நீலப்பூவைக் கண்டு வியப்பவர், அது தம் ஊர் வயலில் காலடியில் கிடப்பது என்பதை அறியாமலே போகலாம்.

தமிழ் மரபில் பூவை நிலத்திலிருந்து பிரித்துக் காணும் நோக்கு இல்லை. திணைகளின் பெயர்களே தாவரப் பெயர்கள். பூவைச் சொன்னால் நிலமும் பொழுதும் ஒழுக்கமும் உடன்தோன்றும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களைப் பெயர் சுட்டி அடுக்குவதாகக் கொள்வர். அங்குத் தலைவியும் தோழியும் பூக்களைப் பறித்துப் பாறையில் குவிக்கின்றனர். பறித்தல் அங்குக் குற்றமாகத் தோன்றாமைக்குக் காரணம் நிலம் நிறைந்திருந்தமையே. இன்று நிலம் குறைந்தது. எனவே பறியாமை அறமாயிற்று. எனினும் பெயரும் நிலமும் கூடிய அந்நோக்கு இன்றும் தேவைப்படுகிறது. வயலின் படமும், அப்பூவைத் தமிழிலும் மலையாளத்திலும் ஊரார் அழைக்கும் பெயரும் உடனின்றி வெளிப்படும் அண்மைப்படம் பூவின் அழகைச் சொல்லும். பூவின் நிலையைச் சொல்லாது.

அருமை என்னும் அளவுகோலையும் இங்கு ஐயுற வேண்டியுள்ளது. படமெடுப்போர் அரிதானதைத் தேடிச் செல்கின்றனர். கிடைத்தற்கரியதே மதிப்புடையது என்று கருதுகின்றனர். பாரி தேர் ஈந்தது அரிய கொடிக்கு அன்று. முல்லை காடெங்கும் படரும் கொடி. அதன் அருமையைக் கண்டு அவன் ஈயவில்லை. அதன் தேவையைக் கண்டு ஈந்தான். தேவையைக் காணும் கண் அருமை தோன்றும் வரை காத்திராது. காக்கைப்பூ அரிதான பின் அதனைத் தேடிச் செல்வதினும், வயல் இருக்கும்போதே அதனை நோக்குவது பாரியின் நோக்குக்கு அணித்தாகும்.

முடிவுரை

செடி ஓரறிவுயிர், அதற்குற்ற புலன் ஊறு. ஆகவே காண்பது குற்றமற்றது என்னும் எண்ணம், காண்பவனின் உடம்பும் படமும் எங்கெங்குத் தீண்டுகின்றன என்று ஆராய்ந்த பின்னரே பொருந்தும். முழந்தாள் மண்ணைத் தீண்டுகிறது. வெளியிடப்பட்ட இடக்குறிப்பு வேட்டைக்காரனின் கை வழியே வேரைத் தீண்டுகிறது. இவ்விரண்டையும் தவிர்த்தல் படமெடுப்பவரின் முதற்கடன். வேட்கையால் அழியும் பூவாயின் இடத்தை மறைத்தலும், புறக்கணிப்பால் அழியும் பூவாயின் இடத்தோடும் பெயரோடும் காட்டுதலும் அடுத்த கடன். எவ்வகை என்பதை அந்நிலத்து மக்களைக் கேட்டே துணிதல் வேண்டும். இடத்தை மிதியாமல் எடுக்க இயலாத படத்தை எடுக்காது விடுதலும் இவற்றோடு சேரும்.

நெய்யாறு ஒன்றே, அதன் தலையிலுள்ள பூவுக்குத் தேவைப்படுவது மறதி போன்ற அமைதி, அதன் கரையிலுள்ள பூவுக்குத் தேவைப்படுவது நினைவு. பாறசாலை எல்லையின் இருபுறமும் அப்பூவுக்கு இருமொழியிலும் பெயர் சொல்லத் தெரிந்த முதியோர் இன்னும் உள்ளனர். அப்பெயர்களைப் படத்தோடு சேர்த்துப் பதிவது தமிழ், மலையாளத் துறைகள் இரண்டும் கூடிச் செய்யத்தக்க பணியாகும். வயல் மறைந்தபின் பெயரும், பெயர் மறைந்தபின் படமும் தனித்து நின்று பயன் தாரா.